எஞ்சின் ஆயிலில் அடிட்டிவ் சேர்ப்பது: தேர்வு, அளவு, செய்முறை

எஞ்சின் ஆயிலோடு கலப்பதற்கென்று தனி டப்பாவில் விற்கப்படும் திரவங்களை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பொதுவாக அடிட்டிவ் என்பார்கள். தேய்மானத்தைக் குறைக்கும், புகையை நிறுத்தும், கசிவை அடைக்கும், கசடைக் கரைக்கும் என்று டப்பாவுக்கு டப்பா வாக்குறுதி மாறும். ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தேசிய நெடுஞ்சாலை 16-ல் ஓடும் லாரிகள், சிப்காட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் வேன்கள், வேலைக்குப் போகும் பைக்குகள், வயலில் நிற்கும் டீசல் பம்பு செட்டுகள் என எஞ்சின்கள் பலவகை. ஒரே அடிட்டிவ் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எந்த எஞ்சினுக்கு எது வேண்டும், எது கூடாது, சேர்ப்பதானால் எந்த வரிசையில் சேர்ப்பது என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

ஆயிலுக்குள் ஏற்கெனவே இருப்பவை

கடையில் வாங்கும் எஞ்சின் ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை, தயாரிக்கும்போதே கலந்த அடிட்டிவ்கள். கரியைக் கழுவும் டிடர்ஜென்ட், கழுவிய கரி ஓரிடத்தில் சேராமல் மிதக்கவிடும் டிஸ்பர்சன்ட், உலோகத்தில் பாதுகாப்புப் படலம் கட்டும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், நுரை தடுப்பான், துரு தடுப்பான், சூட்டில் ஆயில் மிகவும் இளகிவிடாமல் காக்கும் பாலிமர் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இத்தகைய மூலப்பொருள்கள் இந்த வட்டாரத்துக்கு அருகிலுள்ள மணலியிலேயே தயாராகின்றன. சி.பி.சி.எல். நிறுவனமும் செவ்ரான் ஓரோனைட்டும் கூட்டாக நடத்தும் இந்தியன் அடிட்டிவ்ஸ் லிமிடெட் அங்கே இயங்குகிறது.

இந்தக் கலவை, உப்பும் புளியும் அளவாகச் சேர்த்து இறக்கிய ரசம் போன்றது. ஒன்றை மட்டும் கூட்டினால் மற்றவற்றின் வேலை கெடும். டிடர்ஜென்டும் துத்தநாகச் சேர்மமும் உலோகப் பரப்பில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. ஒன்று மிகுந்தால் மற்றது படிய இடம் கிடைக்காது. எனவே சரியான தரமுள்ள ஆயிலை உரிய நேரத்தில் மாற்றிவரும் நல்ல எஞ்சினுக்கு அடிட்டிவ் தேவையில்லை. குறிப்பிட்ட கோளாறு ஒன்று உறுதியாகத் தெரிந்து, அதற்குரிய வகையும் கிடைக்கும்போதுதான் டப்பாவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

பிளஷ்: ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன் பழைய ஆயிலில் ஊற்றி, கசடை இளக்கி, ஆயிலோடு வடிப்பது. எஞ்சினுக்குள் தங்கக் கூடாதது.

கெட்டிப்படுத்தும் வகை: புகையையும் எஞ்சின் சத்தத்தையும் குறைப்பதாக விற்கப்படுவது. உள்ளே இருப்பது பெரும்பாலும் தடிப்பைக் கூட்டும் பாலிமர். 15டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை தடிப்புள்ளதாக இருக்க வேண்டும். இந்த வகையை அதிகம் ஊற்றினால் அது 50, 60 கிரேடு தடிப்புக்குப் போய், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல்பகுதிக்கு ஆயில் ஏறத் தாமதமாகும்.

உராய்வு குறைப்பான்: மாலிப்டினம், போரான் சேர்மங்கள், பி.டி.எஃப்.இ. துகள் போன்றவை கொண்டது. கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் பைக்குகளுக்கு இது ஆபத்து.

சீல் மிருதுவாக்கி: வெப்பத்தில் இறுகிப்போன ரப்பர் சீலைச் சற்று உப்பவைத்து மெல்லிய கசிவைக் குறைப்பது. கிழிந்த சீல், உடைந்த கேஸ்கெட், மரை தேய்ந்த டிரெய்ன் போல்ட் ஆகியவற்றுக்குப் பயன்படாது.

துத்தநாகம் கூட்டும் வகை: கேம்ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் நேரடியாகத் தேய்த்து ஓடும் பழைய வடிவ எஞ்சின்களுக்கானது. புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் பாஸ்பரஸ் மிகுந்தால் கன்வர்ட்டரின் செயல்திறன் கெடும்.

குளோரின் கலந்த பாரஃபின் உள்ள டப்பாவைத் தவிர்ப்பது நல்லது. சூட்டிலும் ஈரத்திலும் அது அமிலமாகி பேரிங் உலோகத்தை அரிக்கக்கூடும். உள்ளடக்கத்தைப் பற்றி லேபிளில் ஒரு சொல்லும் இல்லாத டப்பாவையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

சேர்க்கவே கூடாத எஞ்சின்கள்

1. பி.எஸ்.6 டீசல் வண்டிகள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.6 எனும் புகை மாசு விதி அமலில் உள்ளது. இவற்றில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. கரி எரிந்துவிடும், ஆயிலிலுள்ள உலோகச் சேர்மம் விடும் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கும். அதனால்தான் சி.கே.-4 தர டீசல் ஆயிலில் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து உலோகம் கலந்த அடிட்டிவை ஊற்றினால் அந்த வரம்பு பொருளற்றதாகிவிடும்.

2. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டிகள். பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் ஆயிலில் வேறெதையும் சேர்க்க வேண்டாம் என்றே சொல்கின்றன. கோளாறு வந்தால் உத்தரவாதம் மறுக்கப்படலாம்.

3. பைக்குகள். பெரும்பாலான கியர் பைக்குகளில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 குறி கிளட்ச் வழுக்காத ஆயிலைக் காட்டுகிறது. உராய்வு குறைப்பானை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது.

4. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பழைய மொபெட்டுகளிலும் சில படகு எஞ்சின்களிலும் பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில் எரிந்து வெளியேறுவதற்கானது. சம்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) தங்கும் ஆயிலுக்கான அடிட்டிவ் அதில் சேரக் கூடாது.

வாங்கும் முன் நோயறிதல்

அடிட்டிவ் வாங்குவதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். பல கோளாறுகள் இந்தக் கட்டத்திலேயே, டப்பா எதுவும் வாங்காமல் தீர்ந்துவிடும்.

1. ஆயில் அளவு. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் கம்பியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். சில பைக்குகளில் கம்பியைத் திருகாமல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். கையேட்டின்படி செய்ய வேண்டும்.

2. அளவு குறையாமல் ஏறியிருந்தால். பி.எஸ்.6 டீசல் வண்டியில் வடிகட்டி சுத்திகரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் இறங்கும். ஆயிலில் டீசல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். கெட்டிப்படுத்தும் டப்பாவை ஊற்றி மறைக்கக் கூடாது.

3. நிறம். மூடியிலும் கம்பியிலும் பால்கோவா நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீரால் குளிரும் எஞ்சினில் ரேடியேட்டர் நீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். காற்றால் குளிரும் பைக்கில், மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடினால் மூடியில் மட்டும் இப்படித் தெரியக்கூடும். தேங்கிய மழைநீரில் எஞ்சின் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் தள்ளிச் செல்ல வேண்டும்.

4. புகை. இரவெல்லாம் நின்றுவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கணம் நீலப்புகை வந்தால் வால்வு சீலில் கோளாறு. பாரத்தோடு மேடேறும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். டீசலில் கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு இன்ஜெக்டர். ரோலிங் மில்களும் செம்மண் சாலைகளும் உள்ள வட்டாரத்தில் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபடும்.

5. ஆயில் பிரஷர் விளக்கு. ஓட்டத்தில் எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை இழுத்துச் செல்வதே வழி. இதற்கு அடிட்டிவ் கிடையாது.

6. கசிவு. அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு, சுத்தமான அட்டையை இரவில் கீழே விரித்து வைத்தால் சொட்டும் இடம் தெரியும்.

குறிப்பு: எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று சந்தேகம் வந்தால், இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றப்பட்டது என்று எழுதிவைக்க வேண்டும். இந்தக் கணக்கு இல்லாவிட்டால் அடிட்டிவ் வேலை செய்ததா என்று பிறகு சொல்ல முடியாது.

விளம்பரத்தை எடைபோடுவது

அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் (ஏ.பி.ஐ.) வட்ட முத்திரை எஞ்சின் ஆயிலுக்கு வழங்கப்படுவது. தனி டப்பா அடிட்டிவுக்கு அந்த அமைப்பு உரிமம் தருவதில்லை. அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் 1996-ல் ஸ்லிக் 50 அடிட்டிவின் விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றம்சாட்டியது. 1997-ல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. 2001-ல் இசட்மேக்ஸ் மீதும் அதே ஆணையம் வழக்குத் தொடுத்தது. தேய்மானம் இத்தனை சதவீதம் குறையும் என்று லேபிள் சொன்னால், எந்தச் சோதனையில், எந்த எஞ்சினில் என்ற கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியின் சீல், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி ஆகியவை இல்லாததை வாங்கக் கூடாது.

அளவுக் கணக்கு

டப்பாவின் அளவு எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. லேபிள் 5 சதவீதம் என்று சொன்னால்:

• 1 லிட்டர் ஆயில் கொள்ளும் எஞ்சினுக்கு 50 மி.லி.
• 5 லிட்டர் கொள்ளும் எஞ்சினுக்கு 250 மி.லி.
• 15 லிட்டர் கொள்ளும் லாரி எஞ்சினுக்கு 750 மி.லி.

கார் எஞ்சினுக்கென்று அடைத்த 300 மி.லி. டப்பாவை 1 லிட்டர் எஞ்சினில் முழுதாகக் கவிழ்த்தால் கலவையில் அடிட்டிவின் பங்கு அந்த 5 சதவீதத்தை வெகுவாகத் தாண்டும். ஊற்றும் அடிட்டிவின் அளவுக்குப் புதிய ஆயிலைக் குறைத்துக்கொள்ள வேண்டும்: 50 மி.லி. அடிட்டிவ் என்றால் 950 மி.லி. ஆயில். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் சுழலும்போது ஆயில் நுரைக்கும், பிரஷர் குறையும், சீல்கள் கசியும். டீசல் எஞ்சினில் மிகுதியான ஆயில் பிரீதர் வழியாகக் காற்றுக்குழாய்க்குப் போய், சாவியை அணைத்தாலும் எஞ்சின் தானாக வேகமெடுத்து ஓடும் ஆபத்தும் உண்டு.

சேர்க்கும் முறை

தேவையானவை: கையேடு சொல்லும் தரத்தில் புதிய ஆயில், புதிய ஆயில் ஃபில்டர், டிரெய்ன் போல்ட் வாஷர், அளவுக் குவளை, புனல், வடிதட்டு, நைட்ரைல் கையுறை, கண்ணாடி, பழைய துணி.

1. முந்தைய நாளே கலப்புச் சோதனை செய்ய வேண்டும். கண்ணாடிக் குப்பியில் 100 மி.லி. புதிய ஆயிலையும் அதே விகிதத்தில் அடிட்டிவையும் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வைக்க வேண்டும். படலம் பிரிந்தாலோ அடியில் மண்டி சேர்ந்தாலோ அதைக் கைவிட வேண்டும்.

2. எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பானதும் அணைக்க வேண்டும். கொதிசூட்டில் போல்ட்டைக் கழற்றக் கூடாது.

3. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கியபடி அடியில் நுழையக் கூடாது; ஸ்டாண்டு போட்ட பிறகே நுழைய வேண்டும்.

4. பழைய ஆயிலை முழுதாக வடித்து, வடிந்ததில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். துகள் மிகுந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

5. புதிய வாஷரோடு போல்ட்டைக் கையால் திருகத் தொடங்கி, பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். அலுமினிய உறையுள்ள எஞ்சின்களில் மிகையாக இறுக்கினால் மரை போய்விடும்.

6. ஃபில்டரை மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

7. ஆயிலில் முக்கால் பங்கை ஊற்றி, அளந்த அடிட்டிவைச் சேர்த்து, மீதி ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும்.

8. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரஷர் விளக்கு அணைவதை உறுதிசெய்து, ஆக்சிலேட்டரை முறுக்காமல் மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும். கதவடைத்த ஷெட்டில் ஓட்டக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

9. அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவைப் பார்த்து, தேவையான அளவை மட்டும் ஊற்ற வேண்டும். போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

10. தேதி, கிலோமீட்டர், ஆயிலின் தரம், அடிட்டிவின் பெயர், அளவு ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும்.

பிளஷ் போடுவதானால்

பிளஷ் போடுவதற்கு முன் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே கருப்புக் கசடு கட்டிகட்டியாகத் தெரிந்தால் பிளஷ் போடக் கூடாது. ஒரே நேரத்தில் பெயரும் கசடு, சம்புக்குள் இருக்கும் ஆயில் ஜல்லடையை அடைக்கும். டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயையும் அடைக்கலாம். அத்தகைய எஞ்சினுக்குச் சம்பைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வதோ, நல்ல ஆயிலைக் குறைந்த இடைவெளியில் இருமுறை மாற்றுவதோ பாதுகாப்பான வழி.

1. எஞ்சினை ஓட்டு வெப்பத்துக்குக் கொண்டுவந்து, லேபிள் சொல்லும் அளவு பிளஷைப் பழைய ஆயிலில் ஊற்ற வேண்டும்.
2. வண்டியை நகர்த்தாமல், ஆக்சிலேட்டர் கொடுக்காமல், லேபிள் குறித்த நிமிடங்கள் மட்டும் ஓடவிட வேண்டும். பிளஷ் ஆயிலை நீர்க்கச் செய்வதால் பாரத்தில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.
3. பிரஷர் விளக்கு மினுக்கினால் உடனே அணைக்க வேண்டும்.
4. சற்று ஆறவிட்டு முழுதாக வடித்து, ஃபில்டரைக் கட்டாயம் மாற்றி, புதிய ஆயில் ஊற்ற வேண்டும்.

சேர்த்த பிறகு கவனிக்க வேண்டியவை

முதல் சில நாள்கள் தினமும் காலையில் அளவையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். புதிய சத்தம், கிளட்ச் வழுக்கல், புகை மிகுதல், புதிய இடத்தில் கசிவு, வழக்கத்துக்கு மாறான பிரஷர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். சீல் மிருதுவாக்கி உடனே பலன் தராது; கசிவின் அளவை அட்டையில் ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும். பல வண்டிகள் வைத்திருப்போர் பயன்படுத்திய ஆயிலின் மாதிரியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். இரும்பும் செம்பும் கூடினால் தேய்மானம். சிலிக்கான் கூடினால் தூசி நுழைகிறது என்று பொருள். அடிட்டிவ் சேர்த்த வண்டியையும் சேர்க்காத வண்டியையும் ஒரே பாதையில் ஓட்டி ஒப்பிட்டால் பணம் வீணா இல்லையா என்பது தெரியும்.

பொதுவான தவறுகள்

• இரண்டு மூன்று வகை டப்பாக்களை ஒன்றாகக் கலப்பது. எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.
• அடிட்டிவ் போட்டதால் ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டிப்பது. கரியும் அமிலமும் சேர்வது நிற்பதில்லை.
• பழைய ஆயிலின் மேலேயே ஊற்றுவது. பிளஷ் தவிர மற்றவை புதிய ஆயிலோடுதான் சேர வேண்டும்.
• டீசல், எரிபொருள் அடிட்டிவ், கியர் ஆயில் அடிட்டிவ் ஆகியவற்றைச் சம்பில் ஊற்றுவது.
• விற்பதற்கு முன் தடித்த திரவம் ஊற்றி எஞ்சின் சத்தத்தை மறைப்பது. பழைய வண்டி வாங்குவோர் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கம்பியைத் தொட்டுப் பார்த்தால், தேன்போல் இழுபடும் ஆயில் இதைக் காட்டிக்கொடுக்கும்.

உடலும் மண்ணும்

பயன்படுத்திய ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் உண்டு. கையுறை அணிய வேண்டும். ஆயில் பட்ட கையைப் பெட்ரோலால் கழுவாமல் சோப்பால் கழுவ வேண்டும். ஆயில் நனைந்த துணியைச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. பிளஷில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் இருக்கலாம். பீடி, வெல்டிங் பொறி, ஸ்டவ் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். குழந்தைகள் எடுக்கும்படி குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கக் கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், டப்பாவோடு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், 108-ஐ அழைக்கலாம்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ ஊற்றக் கூடாது. இந்த வட்டாரத்தின் மழைநீர் பழவேற்காடு ஏரியை நோக்கி வடிகிறது; அது மீனவர்களின் வாழ்வாதாரம். ஆபத்தான கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். விவரங்களைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறியலாம். தனி ஆள் மூடியுள்ள கேனில் சேர்த்து, முறையாக ஆயில் ஒப்படைக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம். அதில் தண்ணீர், பிரேக் ஆயில், தின்னர் எதையும் கலக்கக் கூடாது; கலந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது.

தேய்ந்த ரிங்கையும் வெடித்த கேஸ்கெட்டையும் எந்த டப்பாவும் புதிதாக்காது. அடிட்டிவுக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் சரியான தர ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்ற வேண்டும். அதன் பிறகும் கோளாறு மிஞ்சி, அதன் காரணமும் தெரிந்தால் மட்டும் அடிட்டிவ் வாங்கலாம்; அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றே, அளந்து.